மேற்பரப்பு வரைபடம் தப்பாக வருகிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது

இரண்டு மாறிகள் உள்ள சார்பை ஒரு கிரிட்டின் (கட்டம் கட்டமாக அமைந்த புள்ளிகளின்) மேல் கணக்கிட்டு மேற்பரப்பாக வரைவது, எங்கள் ஆய்வகத்தில் பருவம் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே வந்துவிடும் பயிற்சி. நான் அங்கே மாணவர்களுக்கு உதவியாக நிற்பவன். "சார், படம் வருது, ஆனா ஏதோ சரியில்ல" என்று யாராவது கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் போன வருடம் வேறொருவரின் திரையில் பார்த்த அதே பிழை இருக்கும். அப்படித் திரும்பத் திரும்பச் சரிசெய்ததை அறிகுறிவாரியாக இங்கே எழுதுகிறேன்.

பிழைச்செய்தி வந்து நின்றுவிட்டால் கவலையில்லை, ஏதோ தப்பு என்று தெரிந்துவிடும். செய்தி எதுவும் இல்லாமல் அழகான, ஆனால் தப்பான படம் வருவதுதான் ஆபத்து. அது அப்படியே பதிவேட்டில் ஒட்டப்பட்டுவிடும். அதனால் அந்த வகைக்குத்தான் இங்கே அதிக இடம். பெரும்பாலும் பைத்தான் மொழியில் எண் அணிகளைக் கையாளும் நம்பை, படம் வரையும் மேட்பிளாட்லிப் என்ற தொகுப்புகளைப் பற்றிச் சொல்கிறேன். மேட்லேப், ஆக்டேவ், க்னூபிளாட், எக்செல் ஆகிய மென்பொருள்கள் தேவைப்படும் இடத்தில் வரும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

உங்கள் சார்பைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எக்ஸ் + 10ஒய் என்று போடுங்கள். எக்ஸுக்கு 0, 1, 2, 3 என நான்கு புள்ளிகள். ஒய்க்கு 0, 1, 2 என மூன்றே புள்ளிகள். படம் வரைய வேண்டாம், சார்பின் மதிப்புகளான இசட்டை எண்களாக அச்சிடுங்கள். இப்படி வர வேண்டும்:

0 1 2 3
10 11 12 13
20 21 22 23

வலப்பக்கம் நகர்ந்தால் 1 கூடுகிறது, அது எக்ஸ். கீழே இறங்கினால் 10 கூடுகிறது, அது ஒய். அதாவது நிரைகள் ஒய்யின் எண்ணிக்கை, நிரல்கள் எக்ஸின் எண்ணிக்கை. நம்பையிலும் மேட்லேப்பிலும் கிரிட்டை உருவாக்கும் மெஷ்கிரிட் என்ற கட்டளை தானாகத் தருவது இந்த அமைப்புதான்.

நான்கு நிரை, மூன்று நிரலாக வந்தால் உங்கள் கிரிட் மறுபக்க அமைப்பில் இருக்கிறது. நம்பையில் இண்டெக்ஸிங்கை ஐஜே என்று கொடுத்தாலும், மேட்லேப்பில் என்டிகிரிட் பயன்படுத்தினாலும் அப்படித்தான் வரும். எண்களே வராமல் அளவுகள் பொருந்தவில்லை என்று நின்றால் கிரிட்டே உருவாகவில்லை.

இந்தச் சோதனைக்கு எக்ஸ்² + ஒய்² என்ற கிண்ணத்தை எடுக்காதீர்கள். எக்ஸையும் ஒய்யையும் இடம் மாற்றினாலும் கிண்ணம் கிண்ணமாகவே இருக்கும். −2 முதல் 2 வரை இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் புள்ளி வைத்தால் இன்னும் மோசம், இருக்கிற பிழையெல்லாம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். சமச்சீர் இல்லாத சார்பு, சமமில்லாத எண்ணிக்கை: இந்த இரண்டும் இருந்தால் கீழே சொல்லும் பிழைகளில் பாதி தானே வெளியே வந்துவிடும்.

## அறிகுறி 1: படமே வரவில்லை, பிழைச்செய்தி மட்டும்

"இசட் இரு பரிமாணமாக இருக்க வேண்டும்" என்கிறது. மெஷ்கிரிட் போட மறந்து, எக்ஸ், ஒய் வரிசைகளை நேராகச் சார்புக்குக் கொடுத்திருப்பீர்கள். முதல் எக்ஸோடு முதல் ஒய், இரண்டாவதோடு இரண்டாவது என்று மூலைவிட்டத்தின் மதிப்புகள் மட்டும்தான் கிடைக்கும். மெஷ்கிரிட் இருந்தும் இதே இடத்தில் நின்றால் சார்பு மாறிலியா என்று பாருங்கள். 5 என்று திருப்பித் தரும் சார்பு, கிரிட் கொடுத்தாலும் ஒற்றை 5-ஐத்தான் தரும். அதோடு 0 × எக்ஸ் என்று கூட்டிவிட்டால் கிரிட்டின் அளவுக்கு விரிந்துவிடும்.

"ஒற்றை எண்ணாக மாற்ற முடியாது" என்கிறது. பைத்தானின் மேத் தொகுப்பில் உள்ள சைன், எக்ஸ்ப் ஆகியவற்றைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவை ஒரு நேரத்தில் ஓர் எண்ணைத்தான் வாங்கும். நம்பையின் சைனுக்கு மாறினால் போதும்.

"அணியின் உண்மை மதிப்பு தெளிவில்லை" என்கிறது. சார்புக்குள் இஃப் இருக்கிறது. ஆயிரம் புள்ளிகளை ஒன்றாகக் கொடுத்து "இது பூஜ்யத்தைவிடப் பெரியதா" என்று கேட்டால் ஒரே பதில் சொல்ல முடியாது. நம்பையின் வேர் (where) சார்பில் நிபந்தனை, ஆம் என்றால் எது, இல்லை என்றால் எது என்று மூன்றையும் கொடுங்கள். அது இரண்டு பக்கத்தையும் முழுக் கிரிட்டுக்கும் கணக்கிட்ட பிறகுதான் தேர்ந்தெடுக்கும். அதனால் தேவைப்படாத பக்கத்திலிருந்து எச்சரிக்கை வரலாம், விடை சரியாகவே இருக்கும்.

அளவுகள் பொருந்தவில்லை என்கிறது. எக்ஸ், ஒய் மெஷ்கிரிட்டிலிருந்து வந்திருக்கும், இசட் நீங்களே எழுதிய சுழற்சியிலிருந்து வந்திருக்கும். இரண்டும் எதிரெதிர் அமைப்பு. அடுத்த அறிகுறியைப் படியுங்கள்.

## அறிகுறி 2: படம் வருகிறது, ஆனால் திசை மாறியிருக்கிறது

எக்ஸ் பக்கம் இருக்க வேண்டிய மேடு ஒய் பக்கம் இருக்கிறது, அல்லது தலைகீழாகத் தெரிகிறது.

எக்ஸ், ஒய், இசட் மூன்றும் ஒரே மெஷ்கிரிட்டிலிருந்து வந்திருந்தால் எந்த அமைப்பாக இருந்தாலும் மேற்பரப்பு சரியாகத்தான் வரும். சிக்கல் இரண்டையும் கலக்கும்போதுதான். சுழற்சியில் வெளியே எக்ஸ், உள்ளே ஒய் என்று ஓட்டி, இசட்டின் முதல் இடத்தில் எக்ஸின் எண்ணை வைப்பது எல்லோருக்கும் இயல்பாக வருவது. ஆனால் மெஷ்கிரிட்டின் இயல்பு அதற்கு நேர் எதிர். எக்ஸுக்கு 40, ஒய்க்கு 50 புள்ளி வைத்திருந்தால் புரோகிராம் உடனே நின்றுவிடும். இரண்டுக்கும் 50 வைத்திருந்தால் சத்தமில்லாமல் திரும்பிய படம் வரும். நான் எப்போதும் வேறு வேறு எண்ணிக்கை வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

படம் தலைகீழாக இருந்தால், அணியை நிறப்படமாகக் காட்டும் இம்ஷோ கட்டளையைப் பயன்படுத்தினீர்களா என்று பாருங்கள். அது முதல் நிரையை மேலே வைக்கும். ஆரிஜின் என்ற இடத்தில் லோயர் என்று கொடுத்தால் நேராகிவிடும். அச்சில் 0, 1, 2 என்று புள்ளிகளின் வரிசை எண்தான் தெரியும் என்பதால் எக்ஸ்டென்டையும், அதாவது அச்சுகளின் உண்மையான எல்லைகளையும், கொடுங்கள்.

கோப்பிலிருந்து ஒரே நீள வரிசையாகப் படித்து அணியாக மடித்திருந்தால் மடித்த வரிசையைச் சந்தேகியுங்கள். ஃபோர்ட்ரானும் மேட்லேப்பும் நிரல் நிரலாக எழுதும், நம்பை நிரை நிரையாகப் படிக்கும்.

## அறிகுறி 3: திசை சரி, வடிவமே வேறு

மிக அதிக நேரத்தைத் தின்னும் அறிகுறி இது. எளிதிலிருந்து தொடங்குவோம்.

டிகிரியா, ரேடியனா. 0 முதல் 360 வரை கிரிட் போட்டு நேராகச் சைனுக்குக் கொடுத்தால் மென்மையான அலைக்குப் பதில் முள்ளுமுள்ளாக வரும்.

அடுக்குக் குறி. பைத்தானில் வர்க்கத்துக்கு இரட்டை நட்சத்திரம். ^ குறி அங்கே பிட் அளவிலான வேறு கணக்கு. தசம எண்களில் பிழைச்செய்தி வந்துவிடும். முழு எண்களில் அமைதியாக ஓடும்: 3-க்கு 9 வர வேண்டிய இடத்தில் 1 வரும், 2-க்கு 4 வர வேண்டிய இடத்தில் 0 வரும். க்னூபிளாட்டிலும் இதே கதை. அங்கே 1/2 என்பதும் 0 ஆகிவிடும், 1.0/2 என்று எழுத வேண்டும்.

எக்செல்லில் கழித்தல் குறி. இதற்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மாணவி எக்ஸை ஏ நிரலிலும் ஒய்யை முதல் நிரையிலும் வைத்து மணி வடிவ மேற்பரப்பு வரைந்தாள். சூத்திரம் =EXP என்ற சார்புக்குள் -$ஏ2^2-பி$1^2. டாலர் குறிகள் சரி, எண்கள் சரி, வந்ததோ நடுவில் மணி இல்லாமல் இரண்டு ஓரமும் வானத்துக்கு ஏறும் சேணம். காரணம், எக்செல் முன்னால் நிற்கும் கழித்தல் குறியை முதலில் எண்ணோடு சேர்த்துவிட்டுப் பிறகுதான் வர்க்கம் எடுக்கும். -3^2 அதற்கு 9. இரண்டாவது கழித்தல் இரண்டு உறுப்புகளுக்கு நடுவில் நிற்பதால் அது ஒழுங்காகக் கழிக்கிறது. ஆகவே எக்ஸ் 3, ஒய் 0 என்ற இடத்தில் சுமார் 0.00012 வர வேண்டியது 8103 ஆகிவிட்டது. வர்க்கத்தை அடைப்புக்குள் வையுங்கள்: -($ஏ2^2)-(பி$1^2). லிப்ரே ஆஃபீஸின் கால்க்கும் கூகுள் ஷீட்ஸும் இதே வழக்கம்தான்.

எக்செல் மேற்பரப்பு வரைபடத்துக்கு இன்னொன்று: அதன் இரண்டு கிடை அச்சுகளும் வெறும் பெயர்ப்பட்டியல்கள். எக்ஸ் மதிப்புகள் 0, 1, 10 என்று இருந்தாலும் சம இடைவெளியில்தான் வரையும். கிரிட்டைச் சம இடைவெளியில் வைத்துக்கொள்வதைத் தவிர இதற்கு வழி இல்லை.

மேட்லேப், ஆக்டேவில் புள்ளி விடுபட்டது. உறுப்புக்கு உறுப்பு பெருக்க .* என்றும், அடுக்குக்கு .^ என்றும் எழுத வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் அது அணிப் பெருக்கல். கிரிட் சதுரமாக இல்லாவிட்டால் பிழைச்செய்தி வரும், பிழைத்தோம். சதுரமாக இருந்தால் என்ன ஆகும் என்று கையால் போட்டுப் பாருங்கள். −2, −1, 0, 1, 2 என்ற கிரிட். எக்ஸ் அணியின் எல்லா நிரைகளும் ஒன்றே, ஒய் அணியின் எல்லா நிரல்களும் ஒன்றே. எக்ஸ் * ஒய் என்று பெருக்கினால் எந்த இடத்திலும் விடை 4 + 1 + 0 + 1 + 4, அதாவது 10. சேணம் வர வேண்டிய இடத்தில் 10 உயரத்தில் ஒரு மேசை. கிண்ணத்துக்கு எக்ஸ்^2 + ஒய்^2 என்று எழுதினால் ஒவ்வொரு உறுப்பும் −2 − 1 + 0 + 1 + 2 என்ற கூட்டுத்தொகையால் பெருக்கப்பட்டு எல்லாம் 0. படம் முழுவதும் தட்டைத் தரை, ஒரு செய்திகூட இல்லை. எனவே மேட்லேப்பில் மேற்பரப்பு தட்டையாக வந்தால் முதலில் சூத்திரத்தில் உள்ள புள்ளிகளை எண்ணுங்கள்.

நம்பையின் சிங்க் சார்பு. சைன் ஆர் / ஆர் (ஆர் என்பது மையத்திலிருந்து உள்ள தூரம்) வரைய அதைக் கூப்பிட்டால் வளையங்கள் நெருக்கமாக வரும். அது உள்ளே பையால் (π) பெருக்கிக்கொள்கிறது. ஆரைப் பையால் வகுத்துக் கொடுங்கள்.

## அறிகுறி 4: படிக்கட்டாகவோ, தட்டையில் ஒரே ஊசியாகவோ வருகிறது

தசமப் பகுதி எங்கோ வெட்டுப்படுகிறது. இசட்டின் டீடைப்பை, அதாவது எண்ணின் வகையை, அச்சிடுங்கள். இன்ட் என்று வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

எண் வரிசை உருவாக்கும் அரேஞ்ச் சார்புக்கு −5, 6 என்று முழு எண்களைக் கொடுத்தால் முழு எண் வரிசைதான் வரும். அதைப் பார்த்து, பூஜ்யங்கள் நிறைந்த அணி தரும் ஜீரோஸ்-லைக் கொண்டு இசட்டை உருவாக்கினால் இசட்டும் முழு எண் அணி. அதில் 0.87-ஐ வைத்தால் 0 ஆகப் பதியும். அரேஞ்சுக்குப் பதிலாக லின்ஸ்பேஸ் இயல்பாகத் தசமத்தில்தான் தரும், அதையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அரேஞ்சில் தசமப் படி கொடுத்தால் கடைசிப் புள்ளியையும் நம்ப முடியாது. 1 முதல் 1.3 வரை 0.1 படி என்றால் 1.3 வரக்கூடாது, ஆனால் வந்துவிடும்.

இன்னும் ஆழமான ஒன்று நம்பையின் வெக்டரைஸ். இஃப் உள்ள சார்பை அப்படியே கிரிட்டில் ஓட்ட மாணவர்கள் இதைத்தான் எடுக்கிறார்கள். அரைக்கோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: வட்டத்துக்கு வெளியே 0, உள்ளே 1 − எக்ஸ்² − ஒய்² என்பதன் வர்க்கமூலம். −1 முதல் 1 வரை இரு பக்கமும் 41 புள்ளிகள். வெக்டரைஸ் முதல் புள்ளியில் என்ன வகை எண் வருகிறது என்று பார்த்து, எல்லா விடைகளையும் அந்த வகைக்கே மாற்றும். முதல் புள்ளி மூலை, வட்டத்துக்கு வெளியே. விடை 0, முழு எண். அவ்வளவுதான், கோளத்தின் 0.3, 0.7, 0.99 எல்லாம் 0 ஆகிவிடும். சரியாக மையத்தில் மட்டும் 1. திரையில் தரையும் நடுவில் ஓர் ஊசியும். சார்பில் 0 என்று இருப்பதை 0.0 என்று மாற்றினால் கோளம் எழுந்து வரும். வெளியீட்டு வகையை ஓடைப்ஸில் சொல்லிவிடுவது இன்னும் பத்திரம்.

## அறிகுறி 5: ஓட்டைகள், பல் பல்லான விளிம்பு

இசட்டில் எத்தனை இடத்தில் நான் (NaN) எனப்படும் எண்ணல்லாத மதிப்பு இருக்கிறது என்று இஸ்நான் கொண்டு எண்ணுங்கள்.

ஒரே ஓர் இடம் என்றால் பெரும்பாலும் 0/0. சைன் ஆர் / ஆர் மையத்தில் அப்படித்தான் ஆகும். எல்லை மதிப்பான 1-ஐ அந்த ஒரு புள்ளியில் வைத்துவிடுங்கள். மேட்லேப்காரர்கள் ஆரோடு இப்ஸிலான் என்ற மிகச் சிறிய எண்ணை, சுமார் 2.2 × 10⁻¹⁶, கூட்டிவிடுவார்கள். இந்தச் சார்புக்கு அது போதும்.

ஒரு பகுதி முழுவதும் என்றால் அங்கே சார்பே வரையறுக்கப்படவில்லை. குறை எண்ணின் வர்க்கமூலம், மடக்கை போன்றவை. அந்த ஓட்டை உண்மை, அதை 0 போட்டு அடைக்காதீர்கள். விளிம்பு ரம்பம் போல இருப்பதுதான் தொந்தரவு என்றால் கிரிட்டை நெருக்கிப் பயனில்லை, பல் சிறிதாகுமே தவிரப் போகாது. வட்ட எல்லைக்கு வட்டக் கிரிட் போடுங்கள்: ஆர் 0 முதல் 1, கோணம் 0 முதல் 2பை, அதிலிருந்து மெஷ்கிரிட், பிறகு எக்ஸ் = ஆர் காஸ், ஒய் = ஆர் சைன். வரையும் கட்டளைக்கு எக்ஸும் ஒய்யும் நேர்கோட்டுக் கிரிட்டாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விளிம்பு வழுவழுவென்று வரும்.

## அறிகுறி 6: ஓரம் மட்டும் உயர்ந்து, நடுவில் எதுவும் தெரியவில்லை

கணக்கு சரி, அளவுகோல்தான் பிரச்சினை. ரோசன்பிராக் சார்பு நல்ல எடுத்துக்காட்டு: (1 − எக்ஸ்)² + 100(ஒய் − எக்ஸ்²)². எக்ஸ் −2 முதல் 2, ஒய் −1 முதல் 3 என்றால் ஒரு மூலையில் உயரம் 2509. நாம் பார்க்க விரும்பும் வளைந்த பள்ளத்தாக்கில், (1, 1) பக்கம், உயரம் 0-ஐ ஒட்டி இருக்கும். இசட்டுக்குப் பதிலாக (1 + இசட்) என்பதன் மடக்கையை வரையுங்கள், பள்ளத்தாக்கு வெளியே வரும். அச்சில் அதை எழுத மறக்காதீர்கள்.

1/(எக்ஸ் − ஒய்) போன்றவற்றில் மூலைவிட்டத்தில் ஒரு சுவர் நிற்கும். அது சார்பில் இல்லாதது, இந்தப் பக்கத்துப் பெரிய கூட்டல் எண்ணையும் அந்தப் பக்கத்துப் பெரிய கழித்தல் எண்ணையும் வரைபடம் தானாக இணைத்தது. கிளிப் போட்டு வெட்டினாலும் சுவர் நிற்கும். எல்லையைத் தாண்டும் மதிப்புகளை நான் (NaN) ஆக்குங்கள், இடைவெளி விழும், அதுதான் சரியான படம்.

## அறிகுறி 7: இருக்க வேண்டிய சிகரம் இல்லை, இல்லாத அலை இருக்கிறது

முதலில் இசட்டின் பெரும மதிப்பை அச்சிட்டு, படத்தின் உச்சியோடு ஒப்பிடுங்கள்.

எண்ணில் இருக்கிறது, படத்தில் இல்லை. மேட்பிளாட்லிப்பின் பிளாட்-சர்ஃபேஸ் இயல்பாக ஒவ்வொரு திசையிலும் அதிகபட்சம் 50 வரிசைதான் எடுக்கும். நீங்கள் 401 புள்ளி கொடுத்தால் ஒன்பதுக்கு ஒன்றாகத் தாண்டிப் போகும். ஒல்லியான சிகரம் அந்த இடைவெளிக்குள் விழுந்துவிடும். புள்ளியைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் படம் மாறவில்லை என்று சொல்பவர்களுக்கு அநேகமாக இதுதான். ஆர்கவுண்ட், சிகவுண்ட் இரண்டையும் 401 ஆக்குங்கள். 1,60,000 சிறு சதுரங்கள், மெதுவாக வரும், ஆனால் உண்மையாக வரும். க்னூபிளாட்டில் சார்பை வரைந்தால் ஐசோசாம்பிள்ஸ் இயல்பாக 10 மட்டுமே, அங்கேயும் கூட்டுங்கள்.

எண்ணிலேயே இல்லை. கிரிட் போதவில்லை. சைன்(எக்ஸ்² + ஒய்²) என்பதை −10 முதல் 10 வரை 50 புள்ளிகளில் வரைந்தால் ஓரத்தில் அழகான பூக்கோலம் விழும். அது பொய். அங்கே ஓர் அலையின் நீளம் சுமார் 0.31, உங்கள் படி 0.41. ஓர் அலைக்குப் பத்துப் புள்ளியாவது வேண்டும் என்று வைத்தால் படி 0.03, அதாவது ஒரு பக்கத்துக்கு 640 புள்ளிகளுக்கு மேல். சந்தேகம் வந்தால் புள்ளிகளை இரட்டிப்பாக்கி மறுபடி வரையுங்கள். கோலம் மாறினால் இரண்டையும் நம்பாதீர்கள்.

நெருங்கிப் பார்த்தால் முள். (1 − காஸ் ஆர்) / ஆர்² மையத்தில் 0.5-ஐ நெருங்க வேண்டும். ஆர் 10⁻⁸ ஆகும்போது காஸ் சரியாக 1 என்று உருண்டுவிடும், விடை 0. கிரிட்டை எவ்வளவு மாற்றினாலும் இது தீராது, சூத்திரத்தைத்தான் மாற்ற வேண்டும்: மேலே 2 சைன்²(ஆர்/2) என்று எழுதுங்கள்.

## அறிகுறி 8: கணினி நின்றுவிடுகிறது

10,000 × 10,000 கிரிட்டில் ஓர் அணி மட்டும் 800 எம்பி. எக்ஸ், ஒய், இசட் மூன்றுக்கும் 2.4 ஜிபி, இடைக்கணக்குகள் தனி. திரையில் அத்தனை புள்ளி தெரியாது, முதலில் குறையுங்கள். குறைக்க முடியாவிட்டால் மெஷ்கிரிட்டை ஸ்பார்ஸ் என்று கேளுங்கள். எக்ஸ் ஒரு நிரையாகவும் ஒய் ஒரு நிரலாகவும் நிற்கும், கூட்டும்போது தானே விரியும். மேட்லேப்பிலும் 2016-ன் இரண்டாம் வெளியீட்டிலிருந்து இப்படி விரிகிறது.

இரண்டு மேற்பரப்புகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒன்று மற்றொன்றின் மேல் தப்பாக ஏறித் தெரிந்தால் அது உங்கள் பிழையில்லை. மேட்பிளாட்லிப் முழுமையான முப்பரிமாணத்தில் வரைவதில்லை. பிளாட்லி, மாயவி போன்றவற்றுக்கு மாறுங்கள்.

## எப்போது தெரிந்தவரிடம் போக வேண்டும்

சார்பு ஒரு சூத்திரமாக இல்லாமல் பெரிய சிமுலேஷன் கணக்காக இருந்து, ஒரு புள்ளிக்குப் பத்து நிமிடம் எடுத்தால் 100 × 100 கிரிட் முடிய 69 நாட்கள் ஆகும். ஓட விட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். 9 × 9 என்றால் பதின்மூன்றரை மணி நேரம். அதை ஒரே இரவில் ஓட்டி, அந்த 81 மதிப்புகளோடு எண்முறைக் கணிதம் தெரிந்தவரிடம் போங்கள். எங்கே புள்ளி கூட்டுவது, நடுவில் எதை வைத்து நிரப்புவது என்று அவர் சொல்வார். அளவெடுத்த புள்ளிகள் கிரிட்டில் இல்லாமல் சிதறிக் கிடந்தாலும், புள்ளிகளை இரட்டிப்பாக்க ஆக்கப் படம் மாறிக்கொண்டே இருந்தாலும் அப்படித்தான்.

போகும்போது திரையில் வந்த படத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். மூன்று அணிகளின் நிரை நிரல் எண்ணிக்கை, டீடைப், இசட்டின் சிறும பெரும மதிப்பு, எத்தனை நான் (NaN), எக்ஸ் + 10ஒய் சோதனையில் வந்த அட்டவணை, இத்தனையும் ஒரு தாளில் இருந்தால் பார்ப்பவர் ஐந்து நிமிடத்தில் இடத்தைக் காட்டிவிடுவார்.